சுவர் பார்த்த கால்

ஆறாவது அத்தியாயத்தில் நிறஞ்சலா தன் கதாநாயகியை முதலிரவுக்கு அனுப்பிவைத்தாள். பால் இருந்தது. மல்லிகை இருந்தது. யன்னலுக்கு வெளியே நிலவுகூட வந்து நின்றது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அந்த அறைக்குள் இரண்டு மனிதர்கள்தான் இருக்கவில்லை. இதை அவளுக்கு எடுத்துச் சொன்னவன் கனடாவில் இருக்கும் றொகான். யூடியூப்பில் கதை வாசிக்கிறவன். சனிக்கிழமைக்கு ஒரு அத்தியாயமாக அவளுடைய தொடர்கதையை அவன்தான் வாசித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ," என்று குரல்பதிவு அனுப்பியிருந்தான். "இதை நான் வாசிச்சா சனம் கேட்டுக்கொண்டே நித்திரையாப் போயிடும். நூறு படத்தில பாத்த சாமான். கால் இல்லாத ஒருத்தன் முதல் தரம் ஒரு பொம்பிளைக்குக் கிட்டப் போறான். அவனுக்கு என்ன பயம்? அந்தப் பொய்க்காலை எப்ப கழட்டுறான்? கழட்டி எங்க வைக்கிறான்? அவள் எங்க பாக்கிறாள்? ஒண்டும் இல்லையே அக்கா. நம்புற மாதிரி எழுதுங்கோ. வியாழனுக்கு முதல் வேணும்."

நம்புகிற மாதிரி எழுத வேண்டுமாம். கடைக்குப் போய்க் கால் கிலோ சீனி வாங்கி வாருங்கோ என்பதுபோலச் சொல்லிவிட்டான். நிறஞ்சலாவுக்கு முப்பத்துநாலு வயது. மன்னார் நகரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். பள்ளிமுனையில் தாய் றோசம்மாவோடு இருக்கிறாள். கலியாணம் ஆகவில்லை. அலைவிழி என்ற பெயரில் காதல் கதை எழுதுகிறாள் என்பது கந்தோரில் ஒருத்திக்கு மட்டுந்தான் தெரியும். றோசம்மா, மகள் கோவில் சஞ்சிகைக்குத் தவக்காலச் சிந்தனை எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் தேத்தண்ணி வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போவாள். தவக்காலம் வருஷத்துக்கு நாற்பது நாள்தானே, இந்தப் பிள்ளை பன்னிரண்டு மாதமும் எழுதுகிறதே என்று அந்தத் தாய் ஒருநாளும் கேட்டதில்லை.

தெரிந்த அந்த ஒருத்தி கீர்த்திகா. பக்கத்து மேசை. அடம்பனிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வருகிறவள். கதாநாயகனுக்குக் கால் இல்லாமல் போனதற்கும் அவள்தான் காரணம். கீர்த்திகாவின் புருஷன் பார்த்தீபன், மீளக்குடியேறின காலத்தில் தன் சொந்த வயலைத் துப்புரவாக்கப் போய், மிதிவெடியில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தவன். இப்போது அடம்பன் சந்தைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை வைத்திருக்கிறான். அவனைப் போல ஒருவனை வைத்து ஒரு கதை எழுதட்டுமா என்று நிறஞ்சலா கேட்டபோது கீர்த்திகா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"எழுதன், ஆர் வேண்டாம் எண்டது? ஆனா சனம் ஐயோ பாவம் எண்டு உச்சுக்கொட்டுற மாதிரி எழுதிப்போடாத. இவருக்கு அது கண்ணில காட்டக்கூடாது. ஆராவது பாவம் பாத்தா அண்டைக்குச் சோறு இறங்காது இவருக்கு."

பார்த்தீபனுக்கோ சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. தன்னை மாதிரி ஒருத்தன் கதையில் வருகிறான் என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொலைபேசியில் நிறஞ்சலாவுக்குப் பாடம் நடத்தினான். காலை மாட்டமுன் என்ன உறை போடவேண்டும், உறை ஈரமானால் எங்கே புண் வரும், மழைக்காலத்தில் சேற்றில் அது எப்படிக் கழன்று நிற்கும் என்று ஒன்றும் விடவில்லை. ஒருதரம் வரம்பில் விழுந்ததைச் சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். இவள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைத்தாள். அதுவரைக்கும் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது. கந்தோரின் பின்பக்கத்து அறையில் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். வெளியே, மதிலோர நிழலில் வழக்கமாக வந்து நிற்கிற இரண்டு கழுதைகளும் வந்து நின்றன. நிறஞ்சலா மீன்பொரியலில் பாதியைப் பிய்த்துக் கீர்த்திகாவின் பெட்டியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு கீர்த்தி. கலியாணமான அண்டைக்கு என்ன நடந்தது?"

"சீ! என்ன கேள்வியடி உது? சோத்தைத் தின்."

"சொல்லன். நான் கலியாணம் கட்டாதவள், எனக்கென்ன தெரியும்?"

கீர்த்திகா முதலில் கையால் அடித்தாள், பிறகு கதவைப் பார்த்தாள், பிறகு கழுதையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கே சொல்ல ஆசை வந்துவிட்டது. நான்கு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்த சந்தோஷம். துக்கத்தை அடக்கிவிடலாம், சந்தோஷத்தை ஒருத்திக்காவது சொல்லாமல் இருக்க ஏலாது.

"ஒரு மணித்தியாலம் வாட்டர் பம்பைப் பற்றிக் கதைச்சார். நானும் கேட்டுக்கொண்டிருந்தனான். இந்த மனிசன் விடியிறவரைக்கும் பம்புதான் கதைக்கும் எண்டு நினைச்சன். பிறகு, 'காலைக் கழட்டோணும், நீர் அங்கால பாரும்' எண்டார். நான் அங்கால பாக்கேல்லை. கழட்டிப்போட்டு, ஒற்றைக் காலில கெந்திக் கெந்திப் போய், அதை அலுமாரிக்குப் பக்கத்தில நிறுத்திப்போட்டு, சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சார். விரலெல்லாம் சுவரைப் பாக்குது. ஏன் திருப்பினனீங்கள் எண்டு கேட்டன். 'அது பாத்துக்கொண்டு நிக்கும், எனக்குக் கூச்சமாக் கிடக்கு' எண்டார்."

"அப்ப நீ?"

"சிரிச்சன். என்னால அடக்கேலாமப் போச்சு. அவரும் சிரிச்சார். ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சு, மாமி அங்கால இருந்து இருமிக் காட்டிறா. அதோட பயமெல்லாம் போயிட்டுது." கீர்த்திகா குனிந்துகொண்டாள். காதெல்லாம் சிவந்திருந்தது. "இண்டைக்கும் அதுதான். அவருக்கு மனம் வந்தா வாயால கேக்கமாட்டார். காலைச் சுவருக்குத் திருப்பி வைப்பார். நான் விளங்கிக்கொள்ளுவன். எனக்கு மனமெண்டா நானே போய்த் திருப்பி வைப்பன். இது எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். இப்ப உனக்கும். அவ்வளவுதான், சரியே?"

"ஓமடி," என்றாள் நிறஞ்சலா, வாய் நிறையச் சோற்றோடு.

அந்த 'ஓமடி' பொய் இல்லை. சொல்லும்போது மெய்யாகத்தான் சொன்னாள். ஆனால் பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அந்தக் கால் அவளுக்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. சும்மா இருந்தாளா? புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டாள். எழுதினாள். பாலையும் மல்லிகையையும் தூக்கி வீசினாள். நிலவைக் கலைத்தாள். எழுத எழுத அந்த அறைக்குள் மெல்ல மெல்ல இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மனச்சாட்சி இல்லாதவள் என்று சொல்லிவிடாதீர்கள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொடரின் தொடக்கத்திலேயே அடம்பனைத் தலைமன்னார் ஆக்கியிருந்தாள். வயல் செய்கிற கமக்காரரைக் கடற்றொழிலாளர் ஆக்கியிருந்தாள், கோவிலை மாதா கோவில் ஆக்கியிருந்தாள், இடதுகாலை வலதுகால் ஆக்கியிருந்தாள். இப்போது அலுமாரியைத் தூக்கிவிட்டு ஒரு தகரப் பெட்டியை வைத்தாள். ஆனால் காலைச் சுவருக்குத் திருப்புவதை மாற்ற மனம் வரவில்லை. அதை எடுத்தால் பிறகு அங்கே என்ன இருக்கிறது? கடைசியில், மனம் வந்தால் திருப்பிவைக்கிற அந்தச் சமிக்ஞையையும் போட்டாள்.

இன்னொன்றையும் மாற்றினாள். கீர்த்திகா சிரித்தாள், கதாநாயகியை இவள் அழவைத்தாள். சுவரைப் பார்த்து நிற்கிற காலைக் கண்டதும் கதாநாயகி உடைந்து அழுது, அவன் காலடியில், அதாவது இருக்கிற ஒற்றைக் காலடியில், உட்கார்ந்து, 'இனி நான் உங்கட கால்' என்கிறாள். முதல்முதலாக ஆணுக்குப் பக்கத்தில் வந்த பெண் சிரித்தாள் என்று எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள் என்பது நிறஞ்சலாவுக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பது பிறகு வரும்.

றொகானுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, நான் வாசிக்கேக்க குரல் தழுதழுத்துப் போச்சு. இது இதுதான். இதைத்தான் கேட்டனான்," என்றான். சனிக்கிழமை போட்டான். ஞாயிறு மத்தியானத்துக்குள் ஒரு லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். கட்டாரிலிருந்து ஒருத்தி, 'வேலை செய்யிற வீட்டுக் குசினியில் நின்று அழுதேன்' என்று எழுதினாள். பாரிஸிலிருந்து ஒருவர், 'இப்படி ஒரு பெண் கிடைத்தால் இரண்டு காலையும் இழக்கலாம்' என்று எழுதினார். அது கடைந்தெடுத்த விசர்தான், ஆனால் நிறஞ்சலா அதையும் நான்குதரம் வாசித்தாள். நான் எழுதினதை ஒரு லட்சம் பேர் நம்புகிறார்கள் என்று நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது. றோசம்மா தேத்தண்ணியோடு வந்து, மகள் யேசுவின் பாடுகளை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை கீர்த்திகா வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாள். பக்கத்து மேசையில் இருந்தாள். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்ப் புதிதாக வந்த தனுசியாவோடு இருந்து சாப்பிட்டாள். நிறஞ்சலா அவளைக் கை கழுவுகிற இடத்தில் வைத்து மறித்தாள்.

"கீர்த்தி, நான் எல்லாம் மாத்தினனான். ஒருத்தருக்கும் தெரியாது. வலதுகால் எண்டுதான் போட்டனான்."

கீர்த்திகா தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கணக்கு ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி ஒரே சீராகச் சொன்னாள்.

"சனிக்கிழமை இவர் கடையில உன்ர கதையைப் பெரிய ஸ்பீக்கரில போடுறவர். அது உனக்குத் தெரியுமே? முதலாவது கிழமையில இருந்து போடுறவர். வயல்காரர், மாட்டுக்காரர், பஸ்ஸுக்கு நிக்கிற சனம், எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, 'கேளுங்கோ, இது என்ர கதை, என்ர மனிசியின்ர கூட்டாளி எழுதுறா, காலைப் பற்றி நான்தான் சொல்லிக்குடுத்தனான்' எண்டு சொல்லிச் சொல்லிப் போடுறவர். நீ தலைமன்னார் எண்டு எழுதினா என்ன, தாய்லாந்து எண்டு எழுதினா என்ன? அடம்பன் முழுக்கத் தெரியும் அது ஆரெண்டு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைக்கப் பாடுபட்டவள் நிறஞ்சலா. பூசணிக்காயே எழும்பி நின்று ஊருக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"எல்லாரும் கேட்டவை. கேட்டு முடிய ஒருத்தர், 'அப்ப பார்த்தி, நீயும் சுவருக்குத்தான் திருப்பிறனியோ?' எண்டு கேட்டாராம். 'பொஞ்சாதி காலில விழுந்து அழுதவவோ?' எண்டு இன்னொருத்தர். எல்லாரும் சிரிப்பாம். இவரும் சிரிச்சவராம். எல்லாரையும் விட இவர்தான் கனக்கச் சிரிச்சதாம், பக்கத்துக் கடைக்காரி சொன்னவள்."

"வீட்டில என்ன சொன்னவர்?"

"என்ன சொல்லுறது? ஒண்டும் சொல்லேல்லை. காலைக் கழட்டாமப் படுக்கிறார். மூண்டு நாளாக் கழட்டேல்லை. உள்ளுக்கை புண்ணாகி நாத்தம் வருது, மருந்து போடவும் விடுறாரில்லை. கழட்டினா எங்க வைப்பார், நீயே சொல்லு? சுவரைப் பாத்து வைச்சா ஊரே சிரிக்கும். என்னைப் பாத்து வைச்சா, மனமில்லை எண்டு அர்த்தமாப் போயிடும். எந்தப் பக்கமும் வைக்கேலாமப் பண்ணிப்போட்டாய்." அப்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. "நிறஞ்சலா, உனக்கெண்டு ஒண்டு இருந்திருந்தா நீ என்ரயில கை வைச்சிருக்கமாட்டாய். உன்னட்ட இல்லை. அதுதான் எடுத்தனி."

இருந்தது. நிறஞ்சலா அதைச் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே றொகானுக்கு அழைப்பு எடுத்து அழித்துவிடச் சொன்னாள். அவன் கெட்டவன் அல்ல, வியாபாரி. "அக்கா, மூண்டு லட்சம் தாண்டிட்டுது. அதைத் தூக்கினா தொடரே விழுந்திடும். ஒண்டு செய்யிறன். அதே இடத்துக்கு வேற ஒண்டு எழுதித் தாங்கோ. அதே அளவுக்கு நம்புற மாதிரி இருக்கோணும். இருந்தா அந்த நிமிசமே பழையதை எடுத்துப்போட்டு இதைப் போடுறன். சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நிறஞ்சலா அடம்பன் பஸ் ஏறினாள். மன்னிப்புக் கேட்கத்தான். கடை திறந்திருந்தது. பார்த்தீபன் ஒரு பம்பைக் கழற்றி நிலத்தில் பரப்பி வைத்திருந்தான். இவளைக் கண்டதும் எழும்பினான். எழும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. துணியால் ஒரு கதிரையைத் துடைத்து முன்னால் போட்டான்.

"இருங்கோ தங்கச்சி. வெய்யிலுக்கை வந்தனீங்கள். சோடா எடுப்பிக்கட்டே?"

"வேண்டாம் அண்ணை. நான்... மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"என்னத்துக்கு? நல்லாத்தானே எழுதியிருக்கிறியள். நாங்கள் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு கேட்டனாங்கள்."

"நான் தெரியாமல் செய்துபோட்டன். வலதுகால் எண்டு மாத்தினா ஒருத்தருக்கும்..."

"ஓம், அதை நானும் கவனிச்சனான்." ஒரு ஆணியை எடுத்து எண்ணெய்க்குள் போட்டான். "இந்தச் சந்தையில ஒற்றைக் காலில திரியிறவன் நான் ஒருத்தன்தான் பிள்ளை. எந்தக் கால் எண்டு ஆர் பாக்கப்போறான்?"

தெருவால் ஒரு உழவு இயந்திரம் போனது. பிறகு அவன், பம்பைப் பார்த்துக்கொண்டே, மெல்லச் சொன்னான்.

"காலைத் திருப்பினதை எழுதினது கூடப் பரவாயில்லை. ஒண்டுதான் எனக்குச் செமிக்குதில்லை. என்ர மனிசி அழேல்லை. அவள் சிரிச்சவள். உங்களுக்கு அவள் சொல்லியிருப்பாள்தானே, சிரிச்சதெண்டு?"

"சொன்னவ."

"பிறகேன் அழவைச்சனீங்கள்? ஆஸ்பத்திரியில அழுதவை. அம்மா அழுதா. பொம்பிளை பாக்கப் போன வீடுகளில என்னைக் கண்டு அழுதவை. இவள் ஒருத்திதான் சிரிச்சவள். அவள் அண்டைக்கு அழுதிருந்தா, நான் காலைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியால போயிருப்பன். இப்ப கடைக்கு வாற சனமெல்லாம், பார்த்தியின்ர மனிசி பாவம் பாத்துத்தான் அவனோட இருந்தவள் எண்டு கதைக்குது. கேட்டுக் கேட்டு எனக்கே யோசனை வந்திட்டுது தங்கச்சி. உங்களுக்கு வேற என்னத்தையும் சொல்லியிருப்பாளோ, சிரிச்சது என்னைத் தேற்றத்தானோ எண்டு."

"ஐயோ இல்லை அண்ணை! மாதாவாணை, அவ சிரிச்சதெண்டுதான் சொன்னவ!"

"ம்," என்றான் பார்த்தீபன். "ஆனா மூண்டு லட்சம் பேர் அழுததெண்டெல்லோ நம்பியிருக்கினம்."

பெரிய பாலத்தால் பஸ் மன்னார்த் தீவுக்குத் திரும்பும்போது நிறஞ்சலா முடிவெடுத்துவிட்டாள். அந்த இடத்துக்கு வேறு ஒன்று வேண்டும், நம்புகிற மாதிரி வேண்டும். இரவல் பொருளில் செய்த பிழைக்குச் சொந்தப் பொருளால்தான் பரிகாரம். ஏழு வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுதாகச் சொல்லாததை அன்று பின்னேரம் எழுத உட்கார்ந்தாள். இந்தமுறை ஒன்றையும் மாற்றவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தேழு. எட்வேட்டுக்கு முப்பது. பேசாலையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். இரண்டு வீட்டுக்காரரும் பேசி முடித்து, கோவிலில் கலியாணத்தை அறிவிக்கிற ஓலை வாசிக்கிற திகதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்வேட்டின் தமக்கைக்கு வீட்டுத்திட்டத்தில் கட்டிக்கொண்டிருந்த வீடு. கூரை போட்டாயிற்று, யன்னலுக்கு நிலைகூட வைக்கவில்லை. ஒரு மத்தியானம் வீட்டைப் பார்க்கப் போனார்கள். இரண்டு பேருக்கும் சம்மதம்தான், ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. சோளகக் காற்று மணலை அள்ளி உள்ளே வீசிக்கொண்டிருந்தது. சீமெந்துப் பை விரித்த நிலம். அவள் பயப்பட்டாள்; ஆசையும் பட்டாள். அந்த நேரம் பார்த்து யன்னல் ஓட்டைக்குள்ளால் ஒரு கழுதை தலையை நீட்டி, இரண்டு பேரையும் ஆறுதலாகப் பார்த்தது. எட்வேட் செருப்பைத் தூக்கி எறிந்தான். கழுதை போகவில்லை. செருப்பை மணந்து பார்த்தது.

நிறஞ்சலா சிரித்தாள். வயிறு நோகச் சிரித்தாள். பயம் எல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று. எவ்வளவு சந்தோஷம்! இனி வாழ்நாள் முழுக்க இந்தக் கழுதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம் என்று நினைத்தாள். சிரித்த முகத்தோடுதான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, உடுப்பிலிருந்த சீமெந்துத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தபோது எட்வேட் கேட்டான். "நீ ஏன் அழேல்லை?"

"ஏன் அழோணும்?"

"முதல் தரம் எண்டா அழுவினம். நீ சிரிச்சனி."

அவ்வளவுதான் கேட்டான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மாதா மேல் சத்தியம் பண்ணினாள். அவன் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் பொறுக்கப் போனான். ஓலை வாசிக்கிற திகதி தள்ளிப் போயிற்று. பிறகு இன்னும் தள்ளிப் போயிற்று. நான்கு மாதத்தில் எட்வேட் சிலாபத்தில் ஒரு பெண்ணைக் கட்டினான். அந்தப் பெண் முறைப்படி அழுதிருப்பாள் போல.

இதை அப்படியே எழுதினாள். கதாநாயகனின் காலைப் பற்றி இந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லும் இல்லை. கழுதையை எழுதினாள், சீமெந்தை எழுதினாள், சிரிப்பை எழுதினாள், அந்தக் கேள்வியையும் எழுதினாள். பேசாலையில் ஒருவர் கேட்டாலும் அது யாரென்று தெரிந்துவிடும். றோசம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். பார்த்தீபன் காலைக் கழற்றினால் போதும். அழுதுகொண்டு எழுதினாள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஆனால் கழுதை செருப்பை மணந்த இடம் வந்தபோது ஏழு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குத் திரும்பவும் சிரிப்பு வந்துவிட்டது. அனுப்பினாள்.

அரைமணித்தியாலத்தில் றொகானின் குரல்பதிவு வந்தது. மிகவும் பணிவாகப் பேசியிருந்தான்.

"அக்கா, வாசிச்சன். உங்கட நிலைமை விளங்குது. ஆனா குறை நினையாதேங்கோ, இது சரிவராது. கழுதையெல்லாம் பகிடிக் கதை மாதிரிக் கிடக்கு. அதைவிடுங்கோ, முதல் தரம் ஒரு பொம்பிளை அப்பிடிச் சிரிப்பாளோ? அதுவும் எங்கட ஊர்ப் பிள்ளை? ஒருத்தரும் நம்பமாட்டினம் அக்கா. கேக்கிற சனம் அவளில சந்தேகப்படும். பழையது கிடக்கட்டும். அதில அவள் அழுறது, அதுதான் அக்கா உண்மை."

நிறஞ்சலா அதை ஒருதரம்தான் கேட்டாள். எட்வேட்டை நம்பவைக்கத் தெரியாதவளுக்கு றொகானை நம்பவைக்க எப்படித் தெரியும்? நடந்தபோதும் ஒருவரும் நம்பவில்லை, எழுதினபோதும் நம்பவில்லை. இனி அதை எவரிடம் கொண்டுபோவது?

நம்பக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். நிறஞ்சலா அந்த அத்தியாயத்தைக் கீர்த்திகாவுக்கு அனுப்பினாள். கீழே, 'இது கதை இல்லை கீர்த்தி. இது என்ர. அழிக்கக் கேட்டனான், அவன் மாட்டன் எண்டிட்டான். அண்ணைக்குச் சொல்லு, சிரிச்சதெண்டா சிரிச்சதுதான்' என்று எழுதினாள்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. மறுமொழி வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. கீர்த்திகா கந்தோருக்கும் வரவில்லை. நானாட்டான் கந்தோருக்கு மாற்றம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டாளாம், தனுசியா சொன்னாள். பார்த்தீபனின் கால் எப்படியிருக்கிறது என்று கேட்க நிறஞ்சலாவுக்கு வாய் வரவில்லை. ஸ்பீக்கர் இப்போது போடுவதில்லையாம், அதுமட்டும் தெரிந்தது. றொகான் வாசித்த பழைய அத்தியாயம் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பின்பக்கத்து அறையில் தனியே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது தொலைபேசியில் வந்து விழுந்தது. கீர்த்திகாதான்.

'வாசிச்சன். நீ சிரிச்சதை நான் நம்புறன். பயப்பிடாத, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.'